குறை எங்கிட்டத்தான்

கோலா பிலா போகும் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டி, பட்டையைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். மலாயாவில் அவசரகாலம் வந்ததும், அங்கங்கே சிதறிக் கிடந்த எங்கள் வரிசை வீடுகளான லயங்களைப் பிரித்து ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடமாகக் கட்டிச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்களிடமிருந்து ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்பது அரசாங்கத்தின் கவலை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து 'நூறு' என்று குரல் வரும். அப்படி நெருங்கிக் கிடந்த முதல் வருஷத்தில்தான் பிள்ளைகளுக்குப் பொன்னுக்குவீங்கி பரவியது. கடைசியில் எனக்கும் வந்தது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கலியாணமாகி இரண்டு வருஷம். சின்னப் பிள்ளைகளின் நோய் எனக்கு வந்ததில் லயமே சிரித்தது. என் மனைவி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பார்கள். சங்கிலியும், தாடையில் அப்பிய சந்தனமுமாக நான் வாசலில் உட்கார்ந்திருக்க, வேலை முடிந்து வருகிறவர்கள், "என்ன மாப்ள, ரெண்டாங் கலியாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் வலியோடு சிரித்தேன்.

ஐந்தாம் நாள் தாடை வடிந்தது. அன்று சாயந்திரமே காய்ச்சல் மறுபடி ஏறியது. இரண்டு விதைகளும் வீங்கின. தொட முடியாத வலி. தோட்டத்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நான் போகவில்லை. அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸரிடம் போய் எதைக் காட்டுவது, எப்படிச் சொல்வது? மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாமல் பாயில் சுருண்டு கிடந்தேன். பத்து நாளில் வீக்கம் வற்றியது. அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. அது தெரிய ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று.

முதலில் உடம்பில் தெம்பு குறைந்தது. எனக்கென்று ஒதுக்கிய மரங்களின் நிரை மலைச்சரிவில் இருந்தது. இரண்டு வாளி நிறையப் பாலைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் வைத்தால், பால் நிறுக்கும் கொட்டகை வரை இறக்காமல் வருகிறவன் நான். இப்போது பாதி வழியில் இரண்டு தடவை இறக்கினேன், பிறகு நான்கு தடவை. ஆனால் அந்த நாட்களில் எவன்தான் தெம்பாக இருந்தான்? கேட்டில் போலீஸ்காரர்கள் தூக்குவாளியைத் திறந்து பார்ப்பார்கள். சோறு கொண்டுபோகக் கூடாது. காலையில் பசியாறாமல் வெறும் தேத்தண்ணியோடு மரத்துக்குப் போய், மதியம் திரும்பிவந்துதான் வயிற்றுக்கு ஏதாவது. எல்லோருமே இளைத்திருந்தார்கள். என் இளைப்பையும் அந்தக் கணக்கிலேயே போட்டுக்கொண்டேன்.

ஆனால் மற்றவர்களுக்கு இல்லாத சிலதும் எனக்கு இருந்தன. வாரா வாரம் லயத்துக்கு வரும் நாவிதர் ஒருநாள் என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கத்திக்கு வேலையே வெக்க மாட்டேங்கிறீங்க?" என்றார். திடீர் திடீரென்று முகமெல்லாம் நெருப்பாகக் காந்தி வேர்த்துக் கொட்டும். மார்பில் சட்டை உரசினாலே வலித்தது. காரணமில்லாமல் கோபம் வந்தது; அதைவிட மோசமாக, காரணமில்லாமல் அழுகை வந்தது. மனைவியிடம் இருந்த ஆசை எப்போது போனதென்றே தெரியவில்லை. அவள் மேல் அன்பு அப்படியே இருந்தது. உடம்பு மட்டும் அவளை மறந்துவிட்டது. ஒரே பாயில் நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னைச் சரிவிலிருந்து எடுத்துச் சமதரையில் இருந்த கிழட்டு மரங்களுக்கு மாற்றினார். வயதானவர்களுக்குக் கொடுக்கும் நிரை அது.

எனக்கு அண்ணன் ஒருவர் உண்டு. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அப்பா சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அதன் பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு கலியாணம் செய்துவைத்தவர் அவர்தான். அவர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். சிரம்பானிலிருந்து லேகியம் வாங்கி வந்தார். பூசாரியிடம் சொல்லிக் கயிறு கட்டினார். "கள்ளு குடி லா, ஒடம்புல சூடு ஏறும்" என்று கள்ளுக்கடைக்குக் கூட்டிப்போனார். எதிலும் ஒன்றும் ஆகவில்லை. நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லை என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. அந்தக் கவலை போய் நின்ற இடம் என் மனைவி.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தபோது, வளையல் தட்டு ஒவ்வொருத்தி கையாகப் போய், என் மனைவியைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போனது. அவள் எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த மாதமே அண்ணன் என்னிடம், "அந்தப் புள்ளைய வெரட்டச் சொல்லல. அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்னொண்ணு கட்டு. பொண்ணு பாத்துட்டேன்" என்றார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. உண்மை எனக்கு அரைகுறையாகத் தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தவள் அவள்தான். என்னிடம் கேட்காமல், ஒருநாள் மத்தியானம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், டிரஸர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்துப் பெண் ஓர் ஆண்பிள்ளையிடம் அதையெல்லாம் சொல்வது சாதாரணமில்லை. மறுநாள் மலேரியா மாத்திரை கொடுப்பதாகச் சொல்லி டிரஸர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

டிரஸர் மலையாளத்துக்காரர். ஐம்பதை நெருங்கியவர். கண்டிப்பானவர், ஆனால் ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லாதவர். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"குடி எப்படி?"

"எப்பவாவது கள்ளு."

"சம்சு சாராயம்?"

"இல்ல."

"கஞ்சா, அபின்?"

"ஐயோ, இல்ல சார்."

"மரத்துலேருந்து விழுந்து, சைக்கிள்லேருந்து விழுந்து, கீழ அடி பட்டிருக்கா? வெதைக்கு?"

"இல்ல."

"குளிர்காய்ச்சல் அடிக்கடி வருதா? ராத்திரி தூக்கம் உண்டா? தலவலி, கண்ணு மங்கல்? ஒண்ணுக்கு நெறயப் போகுதா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் கேட்டது ஒவ்வொண்ணும் ஒரு காரணம். ஆம்பளைக்கு ஆம்பளத்தனம் தர்ற சத்து ஒண்ணு வெதையில சொரக்குது. ஹார்மோன்னு பேரு. குடிச்சா கொறையும். பட்டினி கெடந்தா கொறையும். நாள்பட்ட காய்ச்சல், சக்கர வியாதி, ரொம்பக் கொழுத்த ஒடம்பு, மண்டைக்குள்ள கட்டி, இதுலயும் கொறையும். வயசானா எல்லாருக்குமே கொஞ்சம் கொறையும். ஒனக்கு அந்த வயசில்ல. இப்பச் சொல்லு. ரெண்டு வருசத்துக்கு முன்ன இங்க பொன்னுக்குவீங்கி வந்துச்சே, ஒனக்கு வந்துச்சா?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"வந்துச்சு" என்றேன். "அப்புறம் கீழ எறங்குச்சு."

"ரெண்டு பக்கமுமா?"

தலையாட்டினேன். பரிசோதித்துப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "சுருங்கிப்போயிருக்கு. சின்னப் புள்ளைல வந்தா இந்தத் தொந்தரவு இல்ல. வயசுக்கு வந்த ஆம்பளைக்கு வந்தாத்தான் சில பேருக்கு இப்படி அடிக்கும். அன்னிக்கே வந்திருந்தாலும் நான் தடுத்திருப்பேன்னு சொல்ல முடியாது. ஆனா ரெண்டு வருசம் இருட்டுல நடந்திருக்க மாட்ட."

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். மனைவியும் நானும் வெளியே போகப் பாஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். சிரம்பானிலேயே லோபாக்கில் இருந்த அவளுடைய மாமா வீட்டில் அவள் தங்கினாள். நான் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைப் பெரிய சீசாவில் சேர்க்கச் சொன்னார்கள். இன்னொரு சின்னச் சீசாவும் கொடுத்தார்கள். அது எதற்கென்று எழுத வேண்டியதில்லை. அந்தச் சீசாவோடு கழிப்பறையில் வெகுநேரம் நின்று, கடைசியில் எப்படியோ கொடுத்தேன்.

முடிவு வர மூன்று வாரமாயிற்று. மறுபடி போனோம். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளவயதுக்காரர். என் மனைவியை வெளியே நிற்கச் சொல்லாமல் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"இது உங்கட பிழை இல்லை. ஆருடைய பிழையும் இல்லை" என்றார். "பொன்னுக்குவீங்கி வருத்தம் வந்தது, ரெண்டு விதையையும் அழிச்சுப்போட்டுது. ஊசி போட்டால் உடம்பு திரும்பும். பலம் வரும், மனமும் தெளியும். ஆனால் பிள்ளைக்கு நான் வாக்குத் தரமாட்டன். உயிரணு ஒண்டும் இல்லை."

பிறகு என் மனைவியைப் பார்த்து, "உங்களில குறை இருக்கெண்டு ஆரும் சொன்னால், நான் சொன்னதாகச் சொல்லுங்கோ" என்றார்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்ததும் அழுவாள் என்று நினைத்தேன். "பசிக்குது" என்றாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குள் போனோம். வாழையிலை போட்டுச் சோறு வைத்தார்கள். அவள் மூன்று தடவை சோறு வாங்கினாள். ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள், மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மனதில் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இனி மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் ஆள் கூடியிருந்தது. அண்ணன் எனக்குப் பார்த்த பெண்ணின் அப்பா வேறு தோட்டத்திலிருந்து வந்திருந்தார். தலை நரைத்த ஒரு வடிகால் வேலைக்காரர். பூசாரி, மண்டோர், இன்னும் நாலைந்து பெரியவர்கள். தட்டில் வெற்றிலை பாக்கு. என் மனைவியையும் வரச் சொல்லியிருந்தார்கள், அவள் சம்மதத்தைக் கேட்பதுபோல் கேட்க. அவள் கதவோரம் நின்றாள்.

அண்ணன் ஆரம்பித்தார். "என் தம்பிக்கு ஒரு வாரிசு வேணும். இருக்கிறவகிட்டக் குறை..."

"அவகிட்ட ஒரு குறையும் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். "குறை எங்கிட்டத்தான்."

மண்டோர் கையில் எடுத்த வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"பொன்னுக்குவீங்கி வந்தப்ப எனக்கு எறங்கிப்போச்சு. வெக்கப்பட்டு யாருகிட்டயும் சொல்லல. சிரம்பான் டாக்டர் பாத்துட்டாரு. இன்னும் பத்துப் பொண்ணு கட்டினாலும் எனக்குப் புள்ள பொறக்காது. இவ இத்தன நாளா எம் பழிய சொமந்துகிட்டு இருந்தா."

அண்ணன் முகம் கறுத்தது. "ஆம்பள பேசற பேச்சாடா இது, நாலு பேருக்கு முன்னால?"

"நாலு பேருக்கு முன்னாலதான அவள மலடின்னீங்க."

அவர் எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார். பூசாரி தரையைப் பார்த்தார். பெண்ணின் அப்பா மட்டும் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, தான் கொண்டுவந்ததைத் துண்டில் முடிந்துகொண்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அவர் கதவோரம் பார்த்து, "தாயி, வெயில்ல நடந்து வந்தேன். ஒங் கையால ஒரு சொம்புத் தண்ணி குடும்மா" என்றார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். நின்று நிதானமாகக் குடித்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அந்த மனிதரை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

சிரம்பானிலிருந்து மருந்து வந்தது. எண்ணெய் போலக் கெட்டியான மருந்து. வாரத்துக்கு இரண்டு முறை டிரஸர் இடுப்புக்குக் கீழே குத்துவார். உட்கார்ந்தால் அன்று முழுவதும் வலிக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் ஒருநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது, நான் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். முகக் காந்தல் நின்றது. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு, "இப்பத்தாண்ணே எனக்கு மரியாத குடுக்கிறீங்க" என்றார். தோளில் சதை வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சுவர்ப் பக்கமிருந்து திரும்பிப் படுத்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். அன்று என் மனைவி சிரித்த சிரிப்பு பலகைச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது என்பதை மட்டும் சொல்லலாம்.

நாலாவது மாதம் மண்டோரிடம் போய் என் பழைய நிரையைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தாங்குவியா?"

"ஒரு நாள் விட்டுப் பாருங்க. தாங்கலன்னா நானே திருப்பிக் குடுத்துடறேன்."

மறுநாள் சரிவில் முந்நூறுக்கு மேற்பட்ட மரங்களை வெட்டி முடித்தேன். பால் எடுத்து, இரண்டு வாளியும் தளும்பத் தளும்பக் கம்பைத் தோளில் ஏற்றினேன். பாதி வழியில் கம்பு தோளை அறுத்தது. இறக்கவில்லை. கொட்டகையில் வரிசை நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வரிசையில் அண்ணனும் இருந்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் வாளியை இறக்கினேன். நிறுக்கும் கிராணி எடையைச் சொன்னபோது யாரோ பின்னாலிருந்து விசிலடித்தார்கள். அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவர் காது என் பக்கம்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு 'ஊசி மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். சிரித்ததும் அந்தப் பெயருக்குக் கூர் மழுங்கிவிட்டது. பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராக என்னைத் தேடி வந்தார்கள். மரத்தடியில், கிணற்றடியில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, "ஒரு விசயம் கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். எல்லோரையும் டிரஸரிடம் கூட்டிப்போனேன்.

அந்தப் பெயரை வைத்தவனே முதலில் வந்தான். தினம் சம்சு குடிப்பவன். மார்பு பெண்ணுக்குப்போல் வீங்கியிருந்தது. டிரஸர் அவனுக்கு ஊசி தரவில்லை. "ஈரல் கெட்டுக்கிட்டு வருது. ஒனக்கு மருந்து சீசாவுல இல்ல, சீசாவக் கீழ வெக்கிறதுல இருக்கு" என்றார். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினான். தேறினான். புதிதாகக் கலியாணம் செய்த ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வந்தான். மாதக்கணக்கில் இராக்காவல், பகலில் லயத்துச் சத்தத்தில் தூக்கமில்லை. டிரஸர் அவன் சார்ஜெண்டைப் பார்த்துப் பேசி முறையை மாற்றவைத்தார். அவனுக்கு வேறு மருந்தே தேவைப்படவில்லை. நன்றாக இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் பலத்துக்கு ஊசி கேட்டு வந்தார்கள். டிரஸர் விரட்டிவிட்டார். "நல்லா ஓடுற மெசினுக்கு வெளியிலேருந்து எண்ண ஊத்துனா, உள்ள ஊறுறது நின்னுபோகும். போ" என்றார்.

எல்லோருக்கும் கடைசியில் அண்ணன் வந்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர், ஒரு சாயந்திரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நிறைய இளைத்திருந்தார். என் மனைவி பலகையைப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த டிரஸரு என்னென்ன கேப்பாரு?" என்றார்.

"ஏண்ணே?"

"சும்மா லா, தெரிஞ்சுக்கலாம்னு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுத் தாமே சொன்னார். "ஒரு வருசமா ஒடம்பு ஒத்துழைக்க மாட்டேங்குது. ஒங்க அண்ணி ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் பயமா இருக்கு."

அப்போதே எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். டிரஸர் அவருடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. "சக்கர வியாதி" என்றார். "இத அடக்குனா மத்ததும் சரியாவும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கால எடுக்க வேண்டி வந்திருக்கும்." ஊசியும் பத்தியமுமாக அண்ணன் மெல்ல மெல்லத் தேறினார். அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் வழியில் என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்து, "தங்கச்சி, நாளைக்கு எங்க வீட்டுல வந்து சாப்புடணும். ஒன்னத்தான் கூப்புடறேன். அவன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றார்.

அதற்கு அடுத்த வருஷம், கோலா பிலா பக்கத்தில் சீனர்களைக் குடியமர்த்திய புதுக்கிராமம் ஒன்றில் ஒரு சீனக் குடும்பம் ஏழாவதாகப் பிறந்த பெண் குழந்தையை யாருக்காவது கொடுக்க நினைக்கிறது என்று டிரஸர் சொன்னார். நானும் மனைவியும் போனோம். அந்தத் தாய் பேசியது எங்களுக்குப் புரியவில்லை. என் மனைவி கையை நீட்டினாள். அந்த அம்மாள் வெகுநேரம் அவள் கையைப் பார்த்துவிட்டு, குழந்தையை அதில் வைத்தாள்.

குழந்தையோடு லயத்துக்குள் நுழைந்தபோது வேலை விட்டு எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் ஓடி வந்து குழந்தையை வாங்கினார். கண்ணைத் திறக்காமல் தூங்கிய அந்தச் சின்னஞ்சிறு முகத்தைத் துண்டால் வெயில் படாமல் மறைத்துக்கொண்டு, முதல் லயத்திலிருந்து கடைசி லயம் வரை ஒவ்வொரு வாசலாக நின்று, "எந் தம்பி மக, பாத்துக்குங்க" என்று காட்டிக்கொண்டே போனார்.